மாவுக்காப்பும் மௌன விரதமும்: வீட்டு ஃபேஷியல் பற்றி ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. சாம்பாரை இறக்கியாயிற்று, சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் ஸ்பா திறக்கும் வேளை இதுதான். இவ்வாய்வின் களம், அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடி. ஆய்வுக்கு உட்பட்டவர் நாற்பதைத் தொட்ட ஓர் இல்லத்தரசி. கருவிகள்: ஓர் எவர்சில்வர் கிண்ணம், தேய்ந்துபோன தேக்கரண்டி, பழைய நைட்டி, ஒரு வெள்ளைத் துண்டு. இந்தத் துண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சொல்லாராய்ச்சி, அது இல்லாமல் எந்தக் கட்டுரையும் ஆய்வாகாது. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊர். கனிம ஊற்று நீருக்குப் பேர்போனது. குற்றாலத்துக்குப் போகிறேன் என்றால் குளிக்கப் போகிறேன் என்று நாம் புரிந்துகொள்வதுபோல, அந்த ஊரின் பெயரே ஐரோப்பியருக்குக் குளியலின் பெயராகிவிட்டது. 2021-இல் யுனெஸ்கோ 7 நாடுகளைச் சேர்ந்த 11 ஊற்று நகரங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஸ்பாவும் அதில் இடம்பெற்றது. நம் களத்தில் ஊற்று கிடையாது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் உண்டு, அதுவும் மோட்டார் போட்டால்.

பூச்சு மரபும் நமக்கு மட்டுமே உரியதன்று. ரோமானியக் கவிஞர் ஓவிட், முகப்பூச்சுச் செய்முறைகளையே ஒரு கவிதை நூலாக எழுதினார். அதில் 100 வரிகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. பார்லி, பயறு வகை ஒன்று, முட்டை, தேன் எல்லாவற்றையும் அவர் சேர்த்து அரைக்கச் சொல்கிறார். பாட்டியின் பயத்தமாவுக்கு ஈராயிரம் ஆண்டு வெளிநாட்டுச் சான்று கிடைத்துவிட்டது.

கடலை மாவு விஷயத்தில் மட்டும் ஓர் உள்நாட்டுச் சிக்கல் இருக்கிறது. ஆய்வுக்கு உட்பட்டவர் டப்பாவைத் திறந்ததும் ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது: “கொஞ்சம் மிச்சம் வைம்மா, சாயங்காலம் பஜ்ஜி போடணும்.” அழகியலும் பஜ்ஜியும் ஒரே மூலப்பொருளை நம்பியிருக்கும் பண்பாட்டில் இந்த மோதல் தவிர்க்க இயலாதது. மூன்று கரண்டியில் ஒன்று முகத்துக்கு, இரண்டு வாழைக்காய்க்கு என்று உடன்பாடு ஏற்பட்டது. வெள்ளரிக்காயின் கதி இன்னும் மோசம். கண்ணுக்கென்று வெட்டிய எட்டு வில்லைகளில் இரண்டுதான் கண்ணைச் சேர்ந்தன. மற்றவற்றை மகன் உப்பு தொட்டுத் தின்றுவிட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீரான ஒரு காய்க்கு இதுவே கூடுதல் மரியாதை.

அடுத்தது ஆவி. நொச்சி போட்டால் சளிக்கு, போடாவிட்டால் அழகுக்கு; குனியும் கோணம் ஒன்றே. ஆவி பட்டால் சருமத் துளைகள் திறக்கும், குளிர்ந்த நீர் பட்டால் மூடும் என்பது பார்லர்களின் அசையாத நம்பிக்கை. கதவுபோலத் திறந்து மூட அத்துளைகளில் தசை ஏதும் இல்லை. வெப்பத்தில் உள்ளிருக்கும் எண்ணெய்ப் பசை இளகும், அவ்வளவே. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகளும் அழுக்கல்ல. எண்ணெய்ப் பசையும் மெலனினும் காற்றுப் பட்டுக் கறுத்தவை அவை. அழுக்கு என்று நினைத்துச் சர்க்கரை போட்டுத் தேய்ப்பவர்கள் நிரபராதியை அடிக்கிறார்கள்.

எலுமிச்சையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. சருமத்தின் அமிலநிலை பிஎச் 5-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினாலே பத்து மடங்கு. ஆக, சருமம் பழகியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கடுமையான திரவத்தை ‘இயற்கை’ என்ற ஒரே காரணத்துக்காகக் கன்னத்தில் பிழிகிறோம். போதாக்குறைக்கு, எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுப் பல வாரம் கருந்திட்டாக நிற்கும். அந்த மூடியை ரசத்தில் பிழியலாம். தயிர் சாது. 1780-இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த லாக்டிக் அமிலம்தான் இன்று விலையுயர்ந்த க்ரீம்களிலும் இருக்கிறது. தயிரில் அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய அளவே உண்டு என்பதால் நல்லதும் கெட்டதும் மெதுவாகத்தான் நடக்கும்.

நிறம் மாறும் என்ற கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. மெலனின் உருவாவது மேல்தோலின் அடி அடுக்கில். பூச்சு எட்டுவதோ மேலே கிடக்கும் இறந்த செல்களின் அடுக்கை. அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. மாற்ற வேண்டிய அளவுக்கு அந்த நிறத்தில் குறையொன்றும் இல்லை என்பது ஆய்வாளரின் சொந்த அபிப்பிராயம். அதற்கு உபகரணம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி ‘பேக்’. கடலை மாவு, தயிர், கஸ்தூரி மஞ்சள், இறுக்கத்துக்கு முல்தானி மட்டி. பாகிஸ்தானின் முல்தான் நகரத்தின் பெயர் தாங்கிய இந்த மண் வகைதான் ஒருகாலத்தில் கம்பளி ரோமத்திலிருந்து எண்ணெய்ப் பசையை உறிஞ்சி எடுக்கப் பயன்பட்டது. ஆட்டு ரோமத்துக்குச் செய்ததையே மனித மூக்குக்கும் செய்கிறது. காயும்போது முகம் இறுகுவதாகத் தோன்றுமே, உண்மையில் சுருங்குவது மண். ஈரம் போகப் போக மண் சுருங்குகிறது, அடியிலுள்ள தோலையும் சேர்த்து இழுக்கிறது. சித்திரை மாதக் கண்மாய்போல வெடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஓரங்கள் வெளுத்து நடுவில் ஈரம் மிச்சமிருக்கும்போதே கழுவிவிட வேண்டும்.

களத்தில் பதினோராவது நிமிடம் அழைப்பு மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். வந்தவர் ஓடிபி கேட்டார். வாயைத் திறந்தால் தாடையில் விரிசல் விழும். ஆய்வுக்கு உட்பட்டவர் கதவிடுக்கு வழியே மஞ்சள் முகத்தை நீட்டி, நான்கு எண்களையும் விரல்விட்டுக் காட்டினார். சிலிண்டர்காரர் சற்றும் திடுக்கிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பல கதவுகளைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு அடுத்த சில நிமிடங்களில் கிடைத்தது. “வண்டிச் சாவி எங்கே?” என்று கேட்டுக்கொண்டே கணவர் வந்தார், முகத்தைப் பார்த்தார், அவரே தேடி எடுத்துக்கொண்டார். பசிக்கிறது என்று வந்த மகன் பாட்டியிடம் போனான். தலைவலி என்று படுத்தால் பத்து முறை கதவு தட்டப்படும் அதே வீட்டில், ஒரு கரண்டி மாவு அப்பியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மீதி நேரத்தை அவர் ஃபேன் அடியில் கண்ணை மூடிக்கொண்டு, கால்மேல் கால் போட்டுக் கழித்தார். கழுவிய பின் முகத்தில் தெரிந்த தெளிவுக்குத் தயிர் காரணமா, இந்த ஓய்வு காரணமா என்று பிரித்தறிய, மாவே பூசாமல் அதே அமைதி கிடைக்கும் ஒரு வீடு ஒப்பீட்டுக்குத் தேவை. அப்படியொரு வீடு அகப்படவில்லை.

கடைசியாக, துண்டு. முகம் துடைத்ததில் மஞ்சளானது. சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பானது. வீட்டில் சின்னக் கலவரம். பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் ஆவதும் இதனால்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. மொட்டை மாடியில் ஒன்றிரண்டு நாள் காயப்போடுங்கள், கறை வெளுத்துவிடும்.