லேப் சிஸ்டர்

அவர் சிஸ்டரே இல்லை. டி.எம்.எல்.டி. படித்த லேப் டெக்னீஷியன். அரசாணைத் தமிழில் ஆய்வக நுட்புநர். ஆனால் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டும் கையில் ஊசியுமாக ஒரு பெண் நின்றால் அவர் சிஸ்டர்தான். அதே கோலத்தில் ஆண் நின்றால் தம்பி. தலை நரைத்திருந்தால் டாக்டர். காலை ஆறரைக்கே, தானும் டிபன் சாப்பிடாமல், சாப்பிடாத கூட்டம் ஒன்றின் எதிரே வந்து உட்கார்கிறார். பசித்த தமிழனின் முகத்தைப் பார்ப்பதில் லாபமில்லை என்பதால் முழங்கை மடிப்பை மட்டும் பார்க்கிறார். கல்யாண வீட்டில் மற்ற பெண்கள் வளையலைப் பார்க்க, இவர் கண் வளையலுக்கு மேலே போகும். ‘நல்ல நரம்பு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். (அது சிரை. அவருக்கும் தெரியும். ஆனால் ‘சிரை கிடைக்கல’ என்றால் யாருக்குப் புரியும்?)

ஆஸ்பத்திரியிலேயே கறாரான ஆள் இவர்தான் என்பது என் கட்சி. டாக்டர்கூட ‘விசேஷ நாள்ல ஒண்ணு ரெண்டு ஸ்வீட் பரவாயில்ல’ என்று இறங்கி வருவார். இவர் வரமாட்டார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ‘உங்க பேர் சொல்லுங்க’ என்பார். ‘அதான் சீட்டுல இருக்கேம்மா’ என்று பெரியவர் முறைப்பார். முறைக்கட்டும், அதே பெஞ்சில் இன்னொரு முருகன் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய சர்க்கரை இவர் தலையில் ஏறக்கூடாது. அடுத்த கேள்வி, ‘சாப்பிட்டீங்களா?’ ‘இல்லம்மா, காபி மட்டும்.’ ‘சக்கரை போட்டா?’ ‘அரை ஸ்பூன்தான்.’ நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. எட்டு மணி நேர வெறும்வயிற்றுக் கணக்கில் சேரும். நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புகிறவரைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் ஊர் சொல்லும்.

எண்ணுவதெல்லாம் மெஷின், இவர் குத்துகிறவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் தனக்குக் கொடுத்த ரத்தத்தைத்தான் எண்ணும். உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடிருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளூரைடு. வெறும் குழாயில் எடுத்து மதியம் வரை வைத்துவிட்டால் நோயாளிக்குச் சர்க்கரை குறைந்துவிடும், காகிதத்தில் மட்டும். ஊதா மூடிக் குழாயில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ.; கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் காக்கும். ‘இதுல மிச்சம் இருக்கே’ என்று அதிலிருந்து கொஞ்சம் மஞ்சள் மூடிக் குழாய்க்கு ஊற்றினால், பொட்டாசியம் எகிறி, கால்சியம் சரிந்து, நன்றாக நடந்து வந்தவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளப் பார்ப்பார்கள். உறைதல் சோதனைக்கான நீல மூடிக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம், கோடு வரை நிரம்ப வேண்டும். ‘இவ்வளவா எடுப்பீங்க!’ என்று கண்ணை மூடிக்கொள்பவருக்கு உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் இருக்கிறது. போனது இரண்டு மூன்று டீஸ்பூன். அதற்குத்தான் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் மாதுளம்பழச் சாறு.

வலுவான குற்றச்சாட்டு இன்னொன்று: இரண்டு தடவை குத்துகிறார், ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று பொய்யும் சொல்கிறார். இரண்டும் உண்மை. ஊசியை உள்ளே விட்டுத் துழாவுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் வெறும்வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று விரதம் இருந்துவிட்டு வருகிறோம். நீர் வற்றிய உடம்பில் சிரை சுருங்கி ஒளிந்துகொள்கிறது. கட்டிய பட்டையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் முடிவுகள் மாறக்கூடும், அதனால் அவசரம் வேறு. எறும்பு விஷயத்தைப் பொறுத்தவரை, நாள் முழுக்க அரை ஸ்பூன் பொய்களைக் கேட்கிறவர் பதிலுக்கு ஒன்று சொல்வதில் தப்பில்லை. அதுவும் ஊசிக்கு முன்னால்தான். குழாய்க்குள் பொய் போகாது.

நாளைக் காலையில் சாதாரண வெறும்வயிற்று ரத்தச் சோதனைக்குப் போகிறீர்களென்றால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். பெயர் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். காபியையும் சொல்லிவிடுங்கள்.