கம்மாய்க்குள்ள நிக்கிற ஓட்டு

வா அப்பு, உக்காரு. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்ல நிக்கப்போறியாம்ல. ரொம்பச் சந்தோசம். 21 வயசு ஆனா யாரு வேணாலும் நிக்கலாம்னு சட்டம் சொல்லுது. போன தேர்தல்ல டெபாசிட்டு 600 ரூபாதான். அதுக்கு மேல பெருசா ஒரு தகுதியும் கேக்கல, அதனாலதான் நம்ம ஊருக்கு இத்தன காலமா தலைவருக ஆளு மாத்தி ஆளு கெடச்சுக்கிட்டே இருந்தாக. பழைய ஆளுக்குப் பதவி 2025 ஜனவரியோட முடிஞ்சுது. அன்னைக்கே ஏழு பேரு புது வெள்ள வேட்டி எடுத்தாச்சு. நீ எட்டாவது ஆளு. ஒன் வேட்டி மட்டும் கைத்தறி, அதையும் நோட்டீசுல போட்டிருக்க.

அந்த நோட்டீச எம் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. புவி வெப்பம், கார்பன், பல்லுயிர்னு நல்லாத்தான் எழுதியிருக்க. எங்க தெருச் சாக்கடையத்தான் முன்பக்கம் பின்பக்கம் திருப்பித் திருப்பித் தேடுனோம், காணோம். வடதுருவத்துல பனி உருகுதுன்னு நீ கண்ணு கலங்குற. நல்ல மனசு. ஆனா அங்க இருக்கிற கரடிக்கு நம்ம வார்டுல ஓட்டு இல்லையே அப்பு. மேலத்தெருக் குழாயடியில கொடத்த வரிசை போட்டுட்டுக் காத்துக்கெடக்குறாளுக பாரு, அவளுகளுக்கு இருக்கு.

வீட்டுக்கு வீடு மரக்கன்னு குடுத்து ஓட்டுக் கேக்கப்போறியாம். குடு. போன ஐப்பசியில நீயும் ஒன் சேக்காளிகளும் நட்டீகளே புங்கங்கன்னு, அம்புட்டையும் எங்க வெள்ளாடு ருசி பாத்துருச்சு. ஆட்டுக்கு ஓட்டு இருந்தா கண்ண மூடிக்கிட்டு ஒனக்குத்தான் போடும். நட்ட அன்னைக்குப் போட்டோ புடிக்க ஒரு கூட்டம் வந்துச்சு. சித்திரையில தண்ணி ஊத்த ஒரு குஞ்சு குளுவானும் வரல.

சரி, பெரிய விசயத்துக்கு வருவோம். நோட்டீசுல மொத வாக்குறுதி என்ன? சீமைக்கருவைய அடியோட ஒழிப்போம். 2017-ல மதுரை ஐகோர்ட்டே வெட்டச் சொல்லுச்சு. பொக்லைன் வந்துச்சு, வெட்டுனாக, வேர விட்டுட்டுப் போனாக. அடுத்த மழைக்கு முன்னையவிட அடர்த்தியா வந்து நின்னுச்சு. அத விடு. அந்த மரத்துல எத்தன ஓட்டு காச்சுத் தொங்குதுன்னு எண்ணிப் பாத்தியா? மழை பொய்ச்ச வருசமெல்லாம் சிவகங்கை, ராமநாதபுரத்துப் பக்கம் கஞ்சி ஊத்துனது கருவைதான். வெட்டுறவன், முள்ளுக் கழிக்கிறவ, மூட்டம் போடுறவன், சாக்குல அள்ளுறவ, லாரிக்காரன், எல்லாருக்கும் அதுலதான் சோறு. கரி மூட்டத்துப் பக்கத்துல ஒரு ராத்திரி படுத்துருக்கியா? விறக அடுக்கி, தழையப் போத்தி, மேல ஈரமண்ணப் பூசி, புகை போக ஓட்டை விட்டு, கண்ணசராமக் காவல் கெடக்கணும். எங்கயாச்சும் மண்ணு வெடிச்சுக் காத்து உள்ள பூந்துச்சு, அம்புட்டு விறகும் கரியாகாம சாம்பலாப் போயிரும். அந்தப் புகையில கண்ணு செவந்து நிக்கிற பொம்பளகிட்டப் போயி, 'இந்த மரம் நெலத்தடி நீர உறிஞ்சுதும்மா'ன்னு நீ பாடம் நடத்தப்போற. அவளும் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுவா. ஓட்டுப்போடுற அன்னைக்கு ரோஸ் சீட்டுல ஒஞ்சின்னத்துக்கு மேலயோ கீழயோ குத்திட்டுப் போயிருவா.

ஒழிப்போம்னு போடாத. கம்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் நிக்கிறத வேரோட எடுப்போம், வேலை உள்ளூர் ஆளுக்குத்தான்னு போடு. பட்டா நெலத்துல நிக்கிறது அவனவன் பாடு.

சின்னம்னு சொன்னதும் ஞாபகம் வருது. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கெடையாது. நீ மரம் கேப்ப, அவுக பூட்டுச்சாவியோ ஆட்டோவோ தருவாக. ஆட்டோ வந்துச்சுன்னா வாங்கிக்க. இது பேட்டரி ஆட்டோ, புகை விடாதுன்னு வீடுவீடாப் போயி விளக்கம் சொல்லிக்கிட்டுத் திரியாத.

அடுத்தது, கம்மாயத் தூர்வாருவேன்ங்கிற. யாரு கம்மாய? நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா அது பொதுப்பணித்துறைக் கம்மாய், இப்ப நீர்வளத்துறைன்னு பேரு வச்சிருக்காக. அதுக்குக் கீழன்னா ஒன்றியத்துக் கம்மாய். தலைவர் கரையில நின்னு பாக்கலாம், காத்து நல்லா வரும். பஞ்சாயத்துச் செக்குலகூட ஒன் ஒத்தக் கையெழுத்துச் செல்லாது, துணைத்தலைவரும் போடணும். அவரு எதிராளி ஆளா அமைஞ்சுட்டா, தெருவெளக்குக்கு பல்பு மாத்தக்கூட அவரு மச்சான் கடைக்குத்தான் நீ போகணும்.

தூரு கெடக்கட்டும், தண்ணி வர்ற வழியப் பாரு. மேக்க ஓடையில இருந்து வர்ற வரத்துக்கால் வரைபடத்துல ரெண்டு மாட்டுவண்டி போற அகலம். நேர்ல போயிப் பாத்தா ஆடு ஒத்தையாத்தான் போகணும். மிச்ச எடம் எங்க போச்சு? நம்ம ஊரு வரப்புக்குக் காலு உண்டு அப்பு, ராத்திரியில நடக்கும். மொதமொதல்ல நடந்து வந்தது ஒங்க பெரியப்பா வரப்பு. அவருதான் ஒன் பேர முன்மொழியப் போறதாவும் கேள்விப்பட்டேன். கம்மாய் ஆக்கிரமிப்ப எடுக்க 2007-லயே சட்டம் போட்டாச்சு, கலெக்டருக்கு மனுவும் எழுதலாம். பெரியப்பாவுக்கு மனு எழுதுறதுதான் கஷ்டம். ஆனா மொதக் கல்ல அங்க நட்டியன்னு வையி, மத்தவன் வாயத் தொறக்கமாட்டான். பெரியம்மா கையால சோறு மட்டும் கெடைக்காது.

இன்னொண்ணு. கதிருக்குத் தண்ணி பத்தலேன்னு நாம மானத்த அண்ணாந்து பாக்குறப்ப, மீன் பாசி ஏலம் எடுத்தவன் கம்மாய் எப்படா வத்தும்னு பாத்துக்கிட்டு இருப்பான். வத்தலேன்னா ராத்திரியில மடையத் தொறந்துவிட்டுருவான். அவனப் பகைக்கவும் முடியாது, கோயில் திருவிழாவுக்கு மொத நன்கொடை அவன்தான். ஒன் நோட்டீசுல நீர்ப்பறவை பேரு பத்து பன்னெண்டு இருக்கு. மடை ஷட்டரத் திருகுற கைப்பிடி யாரு வீட்டுப் பரண்ல கெடக்குன்னு ஒரு வரி இல்ல. மாசி பங்குனியில மீன்பிடித் திருவிழா வரும்ல, அன்னைக்குக் கரையில நின்னு கொக்கு எண்ணாத. ஊத்தாவத் தூக்கிக்கிட்டுச் சேத்துல எறங்கு. மீனு மாட்டலேன்னா வழுக்கி விழுந்து எந்திரி. எங்களச் சிரிக்க வச்ச ஆள நாங்க மறக்கமாட்டோம்.

பணத்தப் பத்தி இன்னும் பேசல. போன தடவ தலைவருக்குச் செலவு வரம்பு 34,000 ரூபா. மத்த ஏழு பேருக்கும் அது புரோட்டாவுக்கே காணாது. நீ பிளக்ஸும் வேணாம், பிளாஸ்டிக் கப்பும் வேணாம், வீட்ல இருந்து டம்ளர் கொண்டாந்தாத்தான் டீங்கிற. டம்ளரோட வர்றவன் ஒனக்குத்தான் போடுவான், அது உறுதி. எத்தன டம்ளரு வருதுன்னு பாப்போம்.

கேலி பண்றேன்னு மூஞ்சியத் தூக்காத. மேலூருப் பக்கம் அரிட்டாபட்டிக்கு 2022-ல பல்லுயிர் மரபுத் தலம்னு அரசாங்கமே பட்டம் குடுத்துச்சு. அந்தப் பட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே, 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சொரங்கத்துக்கு ஏலம் விட்டாக. சுத்துப்பட்டுச் சனம் கிராமசபையில தீர்மானம் போட்டு, மதுரைக்குப் பேரணியாப் போயி நின்னுச்சு. 2025 ஜனவரி 23-ல ஏலத்தையே ரத்து பண்ணுனாக. எங்க நெலம், எங்க சாமி, எங்க கம்மாய்னுதான் அந்தச் சனம் எந்திரிச்சுது, பட்டத்துக்காக இல்ல. நம்ம ஊருலயும் வருசத்துக்கு ஆறு கிராமசபை. நூறு நாள் வேலைக்கு வந்தவுகள நெழல்ல உக்கார வச்சு, நோட்டுல கையெழுத்த வாங்கிட்டு, தீர்மானத்த அப்பறமா எழுதிக்கிறாக. நீ ஜெயிச்சா தீர்மானத்த மொதல்ல எழுதி, சத்தமா வாசிச்சுட்டு, அதுக்குப் பெறகு கையெழுத்து வாங்கு. தோத்தாலும் போயி மொத வரிசையில உக்காரு. பாதிப் பேரு ஒன்னயப் பாத்தே பயப்படுவான்.

எம் ஓட்டு யாருக்குன்னா கேக்குற? எதிர்ல நிக்கிறதுல ஒருத்தன் எனக்குச் சம்பந்தி மொற, இன்னொருத்தன் நேத்து ஒரு கட்டுப் பொகையில வாங்கிக் குடுத்தான். அதெல்லாம் பொட்டிக்குள்ள போற சங்கதி, கேக்கப்படாது. ஜெயிச்சுச் சர்வேயரக் கூட்டியாந்து வரத்துக்கால அளக்குறதா இருந்தா மட்டும், முந்துன நாளே எனக்கு ஒரு சொல்லு சொல்லிவிடு. எங்க வைக்கப்போரு ரெண்டு பாகம் உள்ள தள்ளித்தான் நிக்கிது. பிரிச்சு இந்தப் பக்கம் போட நாலு ஆளு வேணும், கூலிக்கு இப்ப யாரு வாரான்? ஒஞ் சேக்காளிகள அனுப்பி வையி.