சுடுகிறவர் இருக்கட்டும், குடிக்கிறவர் எங்கே?

இந்த இதழின் கேள்விகள் அத்தனையும் அமெரிக்க மதுவிலக்குக் காலத்துத் தாதா படங்களைப் பற்றியவை.

வி.ஆர்., கும்பகோணம்
கேள்வி: தாதா படங்கள் ஆயிரம் இருக்கின்றன. மதுவிலக்குக் காலத்துப் படங்களுக்கு மட்டும் என்ன தனி மவுசு?

பதில்: மற்றப் படங்களில் தாதா வந்தால் ஊர் கதவைச் சாத்தும். இந்தப் படங்களில் தாதா வந்தால் ஊர் கிளாஸை நீட்டும். 1920 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்து 1933 டிசம்பர் 5-ல் உயிரை விட்ட அந்தச் சட்டம், மதுவைத் தயாரிப்பது, விற்பது, ஏற்றிச் செல்வது ஆகியவற்றைத் தடை செய்தது. குடிப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஆகவே சரக்கு கொண்டுவருபவர் குற்றவாளி. ராத்திரி அதைக் குடித்துவிட்டுக் காலையில் அவருக்குத் தண்டனை எழுதும் நீதிபதி கனவான். இந்தக் கூத்தைக் கோட்டை விடாமல் காட்டுகிற படம்தான் பார்க்கத் தக்க படம்.

எஸ்.கே., பாளையங்கோட்டை
கேள்வி: படத்தை எடைபோட ஒரு சுருக்கு வழி சொல்லுங்களேன்.

பதில்: வாடிக்கையாளர் தென்படுகிறாரா என்று பாருங்கள். சரக்கு எங்கே காய்ச்சப்பட்டது, எந்த லாரியில் ஏறியது, வழியில் யாருக்கு மாமூல் போனது, கடைசியில் யார் தொண்டையில் இறங்கியது... இதில் பாதி தெரிந்தால் போதும், உட்கார்ந்து பார்க்கலாம். துப்பாக்கி மட்டும்தான் தெரிகிறது என்றால் அந்தக் கதையை எந்த ஊரிலும் எந்த வருடத்திலும் எடுத்திருக்கலாம். மதுவிலக்கு என்பது அங்கே நாயகன் தலையில் வைத்த தொப்பி, அவ்வளவுதான்.

எம்.டி., ஈரோடு
கேள்வி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சட்டம் உயிரோடு இருந்தபோதே எடுத்த படங்களிலிருந்து. 1931-ல் 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி', 1932-ல் 'ஸ்கார்ஃபேஸ்'. காலைப் பேப்பரில் படித்த சங்கதியைச் சூடு ஆறுவதற்குள் திரையில் பார்த்தார்கள் அன்றைய ரசிகர்கள். 'ஸ்கார்ஃபேஸ்' கதையில் கை வைத்த பென் ஹெக்ட் சிகாகோவில் நிருபராக இருந்தவர். தாதாக்களைப் பற்றி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

ஒன்றே ஒன்று என்றால் 'தி பப்ளிக் எனிமி'. சட்டம் அமலாகும் முந்தின இரவைக் காட்டுவார் இயக்குநர் வில்லியம் வெல்மன். ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு பாட்டில் வாங்குகிறது. ஒரு தம்பதி குழந்தை வண்டி முழுக்கப் பாட்டிலை அடுக்கிக்கொள்கிறார்கள். குழந்தை கையில் தொங்குகிறது. இனி வரப்போகும் பதின்மூன்று வருஷக் கதை அந்த ஒரு வண்டியில் இருக்கிறது. படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

கே.பி., காரைக்குடி
கேள்வி: அதே படத்தில் ஜேம்ஸ் காக்னி, காதலி முகத்தில் பழத்தை அழுத்தும் காட்சி ஏன் அவ்வளவு பிரபலம்?

பதில்: சுடுவதைவிடக் கொடூரமாக இருப்பதால். கொலை நம் வீட்டில் நடக்காது என்று நம்பலாம். காலைச் சாப்பாட்டு மேஜை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் முக்கியமான சாவுகள் பலவும் கண்ணுக்குப் படாமலே நடக்கின்றன. எதிராளிகளைத் தீர்க்க நாயகன் கதவுக்குள் போகிறான். கேமரா மழையில் வெளியே நிற்கிறது. நமக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். ரத்தத்தை லிட்டர் கணக்கில் கொட்டும் நம் காலத்து இயக்குநர்கள் அந்த மழையில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம்.

ஜெ.ஏ., நாகர்கோவில்
கேள்வி: அந்தக் காலத்தில் தணிக்கை கிடையாதாமே?

பதில்: இருந்தது, பல் முளைக்கவில்லை. 1930-லேயே ஹாலிவுட் நடத்தை விதிகளை எழுதிவிட்டது. கறாராகப் பிடிக்க ஆரம்பித்தது 1934-ல். ஆனால் 'ஸ்கார்ஃபேஸ்' அதற்கு முன்பே நன்றாகக் கடிபட்டது. 'தேசத்தின் அவமானம்' என்று ஒரு துணைத் தலைப்பு ஒட்டச் சொன்னார்கள். நாயகன் போலீஸ் குண்டில் சாவது போதாது, முறையாகத் தூக்கில் தொங்க வேண்டும் என்று இன்னொரு முடிவும் எடுக்க வைத்தார்கள். நாயகன் பால் மூனி அதற்குக் கிடைக்கவில்லை. முகத்தைக் காட்டாமலே தொங்கவிட்டார்கள். யாரைத் தூக்கில் போட்டோம் என்றே தெரியாத நீதி!

டி.எஸ்., திருச்சி
கேள்வி: அல் பசினோ நடித்த 'ஸ்கார்ஃபேஸ்' இதுதானா?

பதில்: பேத்தி என்று சொல்லலாம். 1983-ல் பிரையன் டி பால்மா எடுத்தது. சிகாகோ மயாமி ஆனது, விஸ்கி கொக்கைன் ஆனது. பேராசை மட்டும் ஒரிஜினல்.

பி.எல்., சேலம்
கேள்வி: 'தி அன்டச்சபிள்ஸ்' உண்மைக் கதையா?

பதில்: ஆட்கள் உண்மை, அடிதடி கற்பனை. எலியட் நெஸ் என்ற அதிகாரி இருந்தார். சிகாகோ தாதா அல் கபோனும் இருந்தார். ஆனால் படத்தில் நெஸ் மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிடும் கபோனின் கையாள் ஃபிராங்க் நிட்டி, நிஜத்தில் 1943 வரை உயிரோடு இருந்து தற்கொலை செய்துகொண்டவர். கபோனை மடக்கியதும் நெஸ் அல்ல. வருமான வரித் துறையின் ஃபிராங்க் வில்சன், சூதாட்ட விடுதியின் கணக்குப் புத்தகங்களை மாதக்கணக்கில் புரட்டினார். கள்ளத்தனமாகச் சம்பாதித்த பணத்துக்கும் வரி உண்டு என்று 1927-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வரியைக் கட்டாத கபோனுக்கு 1931-ல் 11 வருஷச் சிறை.

வேடிக்கை என்ன தெரியுமா? 'இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும்' என்று தோன்றுகிற கட்டம், விசாரணை தொடங்கும் நேரத்தில் நீதிபதி ஜூரிகளைக் கூண்டோடு மாற்றுவது. அது நிஜமாகவே நடந்தது. 1987-ல் வந்த இந்தப் படத்தைச் சரித்திரமாகப் பார்க்காதீர்கள். ஷான் கானரிக்காகவும், ரயில் நிலையப் படிக்கட்டில் குழந்தை வண்டி உருளும் காட்சிக்காகவும் பாருங்கள். அந்தப் படிக்கட்டும் சொந்தமில்லை. 1925-ல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்துக்குச் செய்த கும்பிடு.

ஆர்.எம்., மதுரை
கேள்வி: போலீசுக்கும் தாதாவுக்கும் உள்ள உறவை ஒழுங்காகக் காட்டிய படம்?

பதில்: கோயன் சகோதரர்களின் 'மில்லர்ஸ் கிராஸிங்', 1990. ஊருக்குப் பெயரே கிடையாது. மேயரும் போலீஸ் தலைவரும் லியோ என்ற தாதாவின் அறைக்கு வந்து கைகட்டி உத்தரவு வாங்குகிறார்கள். எதிராளியின் விடுதியில் ரெய்டு நடக்கிறது. கொஞ்ச நாளில் அதிகாரம் எதிராளி காஸ்பரிடம் போகிறது. அதே மேயர், அதே போலீஸ் தலைவர், வேறு அறை. இப்போது ரெய்டு லியோவின் விடுதியில். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. ஆள் மாறியிருக்கிறது, உத்தியோகம் மாறவில்லை. வசனம் வேகமாக ஓடும். முதல் தடவை பாதிதான் பிடிபடும். இரண்டாம் தடவை பார்க்கும்போது படம் இன்னும் நன்றாக இருக்கும்.

என்.வி., தர்மபுரி
கேள்வி: எல்லாப் படமும் சிகாகோ, நியூயார்க்கிலேயே நடக்கிறதே. காய்ச்சியவர்கள் கிராமத்தில் அல்லவா இருந்திருப்பார்கள்?

பதில்: தர்மபுரிக்காரருக்கு இது தோன்றாமல் இருக்குமா! 2012-ல் வந்த 'லாலெஸ்' பாருங்கள். வர்ஜீனியாவில் ஃபிராங்க்ளின் என்ற மலைப்பாங்கான மாவட்டம். சாராயம் காய்ச்சும் போண்டுரன்ட் சகோதரர்கள். அந்தக் குடும்பத்துப் பேரன் மாட் போண்டுரன்ட் எழுதிய நாவல்தான் மூலம். அடுப்பு, ஊறல், பீப்பாய், ஜாடி என்று தொழில் கண்முன்னே நடக்கும். வில்லன் யார் தெரியுமா? சட்டத்தைக் காக்க நகரத்திலிருந்து வந்த அதிகாரி. கப்பம் கட்டினால் கண்ணை மூடிக்கொள்வார். படம் மிகைப்படுத்தியது என்று சொல்ல முடியாது. அதே மாவட்டத்தில் 1935-ல் நடந்த கள்ளச்சாராயச் சதி வழக்கில், சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

எல்.ஜி., கோவை
கேள்வி: மதுவிலக்கை வைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு படம்?

பதில்: 'சம் லைக் இட் ஹாட்', 1959. இயக்கம் பில்லி வைல்டர். சவ ஊர்தியைப் போலீஸ் துரத்திச் சுடுகிறது. சவப்பெட்டியிலிருந்து விஸ்கி ஒழுகுகிறது. ஈமச்சடங்கு நிலையத்துக்குப் பின்னால் ரகசிய பார். அங்கே சரக்கு காபி என்ற பெயரில் கோப்பையில் வரும். 1929-ல் சிகாகோவில் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட வேலன்டைன் தினப் படுகொலை சாயலில் ஒரு காட்சி. அதைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள் சேலை கட்டாத குறையாகப் பெண் வேஷத்தில் ஓடுகிறார்கள். படுகொலையிலிருந்து நகைச்சுவை பிறப்பிக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். வைல்டரிடம் இருந்தது.

சி.என்., புதுச்சேரி
கேள்வி: குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க?

பதில்: 'பக்ஸி மலோன்', 1976. தாதா, அடியாள், பாடகி அத்தனையும் சிறுவர் சிறுமியர். துப்பாக்கியிலிருந்து க்ரீம் பீய்ச்சும், கார்கள் பெடலில் ஓடும்.

எச்.ஆர்., சென்னை
கேள்வி: 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' மூன்றே முக்கால் மணி நேரமாமே. சுருக்கிய பதிப்பு போதாதா?

பதில்: போதாது. செர்ஜியோ லியோனி 1984-ல் ஐரோப்பாவுக்குக் கொடுத்தது 229 நிமிஷம். அமெரிக்க விநியோகஸ்தர்கள் 139-ஆக வெட்டி, முன்னும் பின்னுமாகப் போகும் காலத்தை நேர்கோட்டில் அடுக்கிவிட்டார்கள். ஒரு கிழவனின் ஞாபகமாக இருந்த படம், குறிப்பேடாகிவிட்டது. நீளமானதையே பாருங்கள். மதுவிலக்கு முடிந்ததும் கூட்டாளிகளுக்குத் தொழில் போகிறது. 'போதும்' என்கிறான் ஒருவன், 'போதாது' என்கிறான் மற்றவன். நட்பு அங்கேதான் உடைகிறது. ஓர் எச்சரிக்கை: பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகள் கடுமையானவை. குடும்பத்தோடு உட்காரும் படம் அல்ல.

யு.எஸ்., கடலூர்
கேள்வி: 'தி கிரேட் கேட்ஸ்பி' தாதா படமா, காதல் படமா?

பதில்: கேட்ஸ்பி கள்ளச்சாராயப் பணக்காரர். அவர் வீட்டு விருந்தில் ஆடுகிறவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். வாடிக்கையாளரை மட்டுமே காட்டிய தாதா படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013 பதிப்பில் அவருடைய நிழல் கூட்டாளியாக வருவது நம் அமிதாப் பச்சன்.

பி.ஆர்., விழுப்புரம்
கேள்வி: இந்தப் படங்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது?

பதில்: குடித்துச் செத்தவர்களை. தொழிற்சாலைச் சாராயத்தை யாரும் குடிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசு அதில் மெத்தனால் கலக்கச் சொன்னது. கள்ளக் கும்பல்கள் வேதியியல் தெரிந்தவர்களை வைத்து விஷத்தைப் பிரிக்கப் பார்த்தன. அரைகுறையாகப் பிரிந்தது பாட்டிலுக்குப் போனது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் மருத்துவமனைகள் நிறைந்தன. அரசே விஷம் வைக்கிறது என்று நகரத்தின் தலைமைப் பிரேதப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். 1930-ல் இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற கலப்படச் சரக்கு ஆயிரக்கணக்கானவர்களின் கால்களை முடக்கியது. பெரும்பாலும் ஏழைகள். ஒழுங்கான சரக்குக்கு அவர்களிடம் காசில்லை.

2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். திரையில் தாதா சாகும்போது மழை பெய்யும், வயலின் அழும். இவர்கள் சாகும்போது வார்டில் இடம்கூட இல்லை. இந்தக் கதையை நடுவில் வைத்து ஒரு தாதா படம் வந்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

எஸ்.எம்., திருவாரூர்
கேள்வி: பெண்களுக்கு வேலையே இல்லையா? காதலி, இல்லாவிட்டால் கண்ணீர் விடும் அம்மா!

பதில்: நியாயமான கோபம். நிஜத்தில் மதுவிலக்கு கேட்டுத் தெருவில் இறங்கியதில் பெண்கள் முன்வரிசை. அதை நீக்கச் சொன்னதிலும் முன்வரிசை: 1929-ல் பாலின் சேபின் பெண்களைத் திரட்டி அதற்கென்றே அமைப்பு கண்டார். 'போர்ட்வாக் எம்பயர்' தொடர் (2010) கொஞ்சம் பரிகாரம் செய்கிறது. முதல் அத்தியாயத்தில் அட்லான்டிக் சிட்டியின் அரசியல் தாதா, மதுவிலக்குப் பெண்கள் சங்கத்தில் கண் கலங்கப் பேசிக் கைதட்டல் வாங்குகிறார். அடுத்து நேராகச் சரக்குப் பங்கு பிரிக்கப் போகிறார்.

கே.ஜெ., ஓசூர்
கேள்வி: கடைசியில் தாதாவுக்குத் தண்டனை கிடைக்கிறது. அத்தனை வருஷம் வாங்கிக் குடித்தவர்களுக்கு?

பதில்: அவர்களுக்கும் கிடைத்தது. பொருளாதார வீழ்ச்சியில் கஜானா காலியாகிப்போன அரசு, மதுவைத் திறந்துவிட்டால் வரி வரும் என்று 1933-ல் திறந்துவிட்டது. (ராஜாஜி நேர்மாறு: 1937-ல் சேலத்தில் மதுவைப் பூட்டினார், போன வருமானத்துக்காக 1939-ல் விற்பனை வரி போட்டார்.) கபோன் வரி கட்டாமல் மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்கள் வரி கட்டி மாட்டிக்கொண்டார்கள். கபோனுக்காவது 11 வருஷம் என்று கணக்கு இருந்தது.