மாப்ள, அந்தப் பூவை எத்தனை அடியில வைக்கப் போற?

வா மாப்ள, உக்காரு. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்க. பூண்டு வாடை அடிக்கும், பொறுத்துக்க. கோயம்புத்தூர்ல கட்டடம் வரையப் படிச்சுட்டு வந்துட்ட, கொடைக்கானலை அழகுபடுத்த ஒரு பிளான் போட்டிருக்கன்னு உங்க ஆத்தா சொன்னா. எனக்குச் சந்தோசம் தாங்கல. இம்புட்டு நாளா இந்த ஊரு அழகா இல்லைங்கிறதே எனக்குத் தெரியாமப் போச்சு பாரு.

விரி, பாப்போம். அடேயப்பா! கம்ப்யூட்டர்ல போட்டதா? படத்துல ஒரு பொட்டு மழை இல்ல, மேகம் இல்ல. ஆம்பள பொம்பள எல்லாம் அரைக்கைச் சட்டையில நடக்குறாங்க. இது எந்த ஊருடா? சரி சரி, கோவிச்சுக்காத.

இங்க என்ன, ஏரிக்கரையில செவப்பா ஒரு இதயம்? ஓ, 'ஐ லவ் கொடை'யா! வையி, தாராளமா வையி. ஊருக்கு ஊரு வச்சுட்டாங்க, நாம வைக்கலேன்னா நமக்கு ஊரு மேல ஆசை இல்லேன்னு ஆயிரும். ஒரே ஒரு சந்தேகம். ஆளு உசரத்துக்கு எழுத்தை நிறுத்திட்டா, போட்டோவுல ஏரி தெரியாது. ஏரி தெரியணும்னா எழுத்தைப் படுக்கப் போடணும். படுக்கப் போட்டா வர்றவன் போறவன் எல்லாம் அதுல ஏறி உக்காந்துக்கிருவான். அப்ப அது பெஞ்சு ஆயிரும். பெஞ்சுன்னா எனக்கும் சம்மதந்தான்.

இங்கிட்டு முப்பது அடிக்கு ஊதாக் கலர்ல நிக்குதே, அது என்ன? குறிஞ்சிப் பூவா! நல்லவேளை சொன்ன. நான் யாரோ குடையைக் கவுத்து வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். குறிஞ்சி எம் முழங்கால் உசரத்துக்கு நிக்கிற செடி மாப்ள, மிஞ்சிப் போனா இடுப்பு. பூ ஒண்ணு கட்டைவிரல் நுனி. நீ முப்பது அடிக்குப் பதவி உயர்வு கொடுத்துட்ட.

அது 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, இனி 2030லதான் பூக்கும். பன்னெண்டு வருசம் வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரிஞ்ச செடி. அது வாயை மூடிக்கிட்டு இருக்கிறதாலதான், வாயைத் திறக்குறப்ப ஊரே திரண்டு வருது. உன் சிமெண்டுப் பூவு வருசத்துல 365 நாளும் பூத்துக்கிட்டே நிக்கும். மூணாம் நாளே அதுக்கடியில பஜ்ஜிக்கடை வந்துரும். 2030ல நிஜப்பூவைப் பாக்க வர்றவன் என்ன கேப்பான் தெரியுமா? "ஏங்க, ஊருக்குள்ள பெருசால்ல இருந்துச்சு, இங்க என்ன இம்புட்டுக்காணு இருக்கு?"ன்னு கேப்பான். முருகனே சங்கடப்படுவாரு. 1936ல லீலாவதி ராமநாதன் அம்மா கட்டி வச்ச குறிஞ்சியாண்டவர் கோயில்லயே இந்தப் பூவை முப்பது அடிக்கு வைக்கணும்னு யாருக்கும் தோணலை. பாவம், அப்ப கம்ப்யூட்டர் இல்ல.

நான் ஒரு வழி சொல்றேன், கேளு. குறிஞ்சிக்கு வேண்டியது வெட்டவெளிப் புல்மேடு. அந்த மேட்டையெல்லாம் வாட்டிலும் பைனும் தைலமரமும் ஏறி அடைச்சுக்கிருச்சு. உன் பூவுக்கு வாங்குற கம்பிக் காசுல ஒரு மேட்டைப் பிடிச்சு, வாட்டிலை வேரோட பிடுங்கிட்டு, திரும்ப முளைக்க முளைக்க ஆளை விட்டுப் பிடுங்கிக்கிட்டே இரு. புல்லு வரும், அப்புறம் குறிஞ்சியைப் போடு. பன்னெண்டு வருசம் கழிச்சுத் திறப்பு விழா வச்சுக்க. என்ன, முகம் தொங்குது? அதுக்குள்ள உன்னை எல்லாரும் மறந்துருவாங்கங்கிறியா? எனக்கும் அதே கவலைதான்.

அடுத்து என்ன, ரவுண்டானாவுல ஃபைபர்ல காட்டெருமையா? இது நல்லாருக்கு. ஆனா நிஜக் காட்டெருமைக்கு நம்ம ஊருல பஞ்சமா? ராத்திரியானா ரோட்டுல அதுதான் வாக்கிங் போகுது. சமயத்துல பகல்லயே கடைவாசல்ல வந்து நிக்குது. அது ஒரு நாளு வந்து உன் ஃபைபர் மாட்டைப் பாக்கும். யாருடா இவன், நம்ம எடத்துல அசையாம நிக்கிறான்னு ஒரு முட்டு முட்டும். அப்புறம் சிலைக்கு வேலி, வேலிக்கு லைட்டு, லைட்டுக்குக் காவல்காரரு. கடைசியில மாடு ரோட்டுல, மாட்டுச் சிலை கூண்டுல.

சரி, விளையாட்டு போகட்டும். இந்த ஊருக்கு வர்றவன் எதைப் பாக்க வர்றான்? ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா. மூணையும் யாரு செஞ்சது? வெள்ளைக்காரன் பெருமை பேசுறேன்னு நினைக்காத, அவன் கீழ வெயில் தாங்காம ஏறி வந்தவன், அவன் சௌகரியத்துக்குச் செஞ்சுக்கிட்டான். ஆனா என்ன செஞ்சான்னு பாரு. மதுரையில கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை 1863ல ஒரு பள்ளத்துக்குக் கரை போட்டுத் தண்ணியை நிறுத்தினாரு. ஏரி ஆச்சு. கோக்கர்னு ஒரு லெப்டினென்ட் 1872ல மலைச்சரிவை ஒட்டி நடக்கிறதுக்குப் பாதை வெட்டினாரு, ஒரு கிலோமீட்டர் இருக்கும். அதுல அலங்காரம்னு எதுவும் இல்ல. பள்ளத்தாக்கை மறைக்காம இருந்தாரு பாரு, அதுதான் அவரு செஞ்ச அலங்காரம். மேகம் முன்னால நின்னு, வெயில் முதுகுல அடிச்சா, சில நாள் நம்ம நிழலே மேகத்துல விழுந்து தலையைச் சுத்தி வானவில் வளையம் கட்டும். சாமி படத்துல இருக்குமே, அதே மாதிரி. டிக்கெட் எடுத்தவன் எல்லாம் சாமி. அந்தச் சரிவுலதான நீ 'செல்ஃபி கோபுரம்' போட்டிருக்க? நான் பாக்கல, விடு.

பிரையண்டு காட்டிலாகாக்காரரு. 1908ல 20.5 ஏக்கருல பூங்காவுக்கு அவரு பிளான் போட்டாரு. அங்க மே மாசம் மலர்க் கண்காட்சி வைக்கிறாங்கள்ல, அதைப் பாரு. பூவுல மயிலு செய்வாங்க, யானை செய்வாங்க, காய்கறியில முகம் செதுக்குவாங்க. ஊரெல்லாம் வந்து வாயைப் பொளந்து பாக்கும். கண்காட்சி முடியும், பூ வாடும், அள்ளி உரக்குழியில போட்டுருவாங்க. எனக்கு இந்த மாதிரிச் சிலை ரொம்பப் பிடிக்கும் மாப்ள. வாடிப்போற சிலையில பெயிண்டு உரியாது, காக்கா எச்சம் காயாது, யாரு சாதிக்காரரு சிலைன்னு சண்டை வராது. அடுத்த வருசம் வேற செஞ்சுக்கலாம். ஆனா அந்த மே மாசத்துப் பூவுக்கு மாசக்கணக்கா முன்னாலயே குனிஞ்சு நாத்து நடுறாங்களே, அந்தப் பொம்பளைங்க உன் படத்துல எங்க? மரத்துக்கு அடியில நாய் கூடப் போட்டிருக்க, மம்பட்டி பிடிச்ச ஒரு கை இல்லையே.

சுவர்ல ஓவியமா? பஸ் ஸ்டாண்டுல இருந்து இறக்கம் பூராவும்? போடு. நல்லாப் படிச்ச பையன், பெயிண்டுக்காரன் சொன்னதை நம்பியிருக்க. இங்க ஐப்பசி மழையில ஒரு மாசம் சுவர் ஈரம் காயாது. தை பொறக்குறதுக்குள்ள உன் ஓவியத்துல பாதி பச்சைப் பாசி. அதையும் ஒரு ஓவியம்னு வச்சுக்கலாம்னா எனக்குப் பிரச்சினை இல்ல. இன்னொரு பக்கம், நம்ம சனத்துக்குச் சுவரைப் பாத்தாலே கை அரிக்கும். நீலகிரியில கோத்தகிரிக்கு அங்கிட்டு கரிக்கையூர்னு ஒரு எடம். காட்டுக்குள்ள பாறையில ஆதிகால மனுசன் மாடு, ஆளுன்னு வரைஞ்சு வச்சிருந்தான். மழை, வெயில், காட்டு நெருப்பு எல்லாத்துக்கும் அது தப்பிச்சுச்சு. நம்ம காலத்துல மலையேறப் போனவனுங்க கிட்டத் தப்பிக்கல. மேலயே பேரெழுதிட்டு வந்துட்டானுங்க. அந்த ஓவியத்துக்கே அந்தக் கதின்னா, உன் எமல்ஷனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? குணா குகைப் பக்கம் போயி மரத்தைப் பாரு, காதலிச்ச அத்தனை பேரு பேரும் இருக்கும். கல்யாணம் ஆனவங்க பேரு எதுன்னுதான் தெரியாது.

சுவரு வேணும்னா நல்ல சுவரா கட்டு. கருங்கல்லு வச்சு, பின்னால சல்லி போட்டு, தண்ணி வடிய ஓட்டை விட்டுக் கட்டு. ஓட்டை விடாத தடுப்புச்சுவரு இந்த மலையில ரெண்டு மழை தாங்காது, பின்னால கட்டுற தண்ணியே அதைத் தள்ளிரும். ஓட்டை விட்ட சுவர்ல தானா பெரணி முளைக்கும், பாசி வரும். அதுக்கு ஒரு ஆர்ட்டிஸ்டும் வேணாம்.

எங்க பூம்பாறையை எடுத்துக்க. மேல ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு, கீழ ஊரையும் படிப்படியா இறங்குற வயலையும் படம் எடுக்காதவன் இருக்கானா? பெரிய பெரிய கேமராவோட வர்றாங்க. யாரு போட்ட டிசைன்னு ஒருத்தன் என்கிட்டயே கேட்டான். மழை போட்டதுன்னு சொன்னேன், அவனுக்குப் புரியல. மேட்டுல மண்ணு நிக்காது. அதனால எங்க பாட்டன் வரப்பு வச்சு அடுக்கடுக்கா வெட்டினான், மேல விழுற தண்ணி கீழ மெதுவா இறங்கட்டும்னு. பூண்டு போட, உருளை போடச் செஞ்ச வேலை அது. 2019ல எங்க மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. வயலுக்கு ஒரு விருதும் இல்ல, அது பாட்டுக்கு அழகா இருந்துட்டுப் போகுது. ஒரு வருசம் வரப்பை வெட்டாம விட்டா அந்த அழகு ரோட்டுல வந்து கிடக்கும்.

உன் பிளான்ல எல்லாத்துக்கும் அளவு போட்டிருக்க. பூவு முப்பது அடி, மாடு எட்டு அடி, இந்தக் கல்வெட்டு ஒண்ணு... அடப்பாவி, இது மாட்டை விடப் பெருசா இருக்கே! யாரு யாரு பேரு இது? தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை. பெருமாள்மலைப் பக்கம், தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டை பாத்திருக்கியா? நாலு பலகைக்கல்லை நிறுத்தி மேல ஒண்ணை மூடியிருப்பாங்க, ஆயிரக்கணக்கான வருசமா நிக்குது. இந்த மலையில மனுசன் பொதுவுல வச்ச மொத வேலை அதுதான். சுத்திச் சுத்திப் பாரு, முன்னிலை வகிச்சவரு பேரு மட்டும் கிடைக்காது.

பூங்காவுக்கு மரம் எழுதியிருக்கியே, அந்தப் பட்டியலைக் காட்டு. ராயல் பாம்! பனியில நடுங்கிச் சாகட்டும்னா வாங்குற? மார்கழியில புல்லு மேல உறைபனி வெள்ளை விரிக்கிற ஊருடா இது. நம்ம சோலையில காட்டுப் பூவரசு இருக்கு, செக்கச்செவேல்னு பூக்கும். காட்டுச் செண்பகம் இருக்கு. இந்த மலையில செண்பகனூர்னு ஒரு ஊரே இருக்கு, நீ பாம் மரம் தேடி ஆந்திராவுக்குப் போற. செயற்கைப் புல்லு வேற. புல்லு முளைக்கிற எடத்துல பிளாஸ்டிக் புல்லு விரிக்கிறதுக்குத் தனி தைரியம் வேணும். நீரூற்று எதுக்கு? கோடையில குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குக் காத்திருக்கிறவ அதுக்குப் பக்கத்துல நின்னு கும்பிடுறதுக்கா?

இம்புட்டும் எதுக்கு, கூட்டம் வரணும்னா? கூட்டம் தாங்காமத்தான 2024 மே மாசத்துல இருந்து கோர்ட்டு சொல்லி இ-பாஸ் போட்டிருக்கு. வாசல்ல ஆளை நிறுத்தி எண்ணிக்கிட்டு இருக்காங்க, நீ உள்ள இருந்து கையைத் தட்டிக் கூப்பிடுற. வர்றவன் மலை ஏறி இறங்கி, குளிருல வண்டியை விட்டுக் காலை வச்ச உடனே அவனுக்கு அவசரமா வர்றது கலை இல்ல மாப்ள. கக்கூஸ் எங்க போட்டிருக்க? இந்த மூலையில, செல்ஃபி கோபுரத்துக்குப் பின்னால? ஏரியைப் பாத்த மாதிரியா! அதுல மட்டும் நல்ல காட்சி வச்சிருக்க.

சரி, இருட்டுறதுக்குள்ள நீ கிளம்பணும். எதுவுமே வைக்கக் கூடாதுங்கிறானே கிழவன்னு ஆத்தாகிட்டப் போய் சொல்லாத. மூணு காரியம் எழுதிக்க. ஒண்ணு, எதை வச்சாலும் அதைப் பாத்துக்க ஒரு ஆளுக்கு வருசம் பூராச் சம்பளம் ஒதுக்காம வைக்காத. ரெண்டு, கோக்கர்ஸ் வாக்குல இருந்து கீழ பாக்குற கண்ணுக்கு நடுவுல ஒரு கம்பி கூட நிறுத்தாத. மூணாவது, ஞாயித்துக்கிழமைச் சந்தைக்கு மேல்மலையில இருந்து மூட்டையோட இறங்குற சனம், திரும்பிப் போற பஸ்சுக்கு நிக்குதே, அந்த எடத்துல நாலு பெஞ்சு போடு. கூரையோட போடு. கல்லு வேணாம், ஈரம் ஏறி இடுப்பைப் பிடிக்கும். இரும்பும் வேணாம், பனியில தொட முடியாது. நல்ல சில்வர் ஓக் பலகை கூட வேணாம், சீக்கிரம் இத்துப்போகும், தேக்கா பாத்துப் போடு. சாஞ்சுக்க முதுகு வேணும். கீழ மூட்டை வைக்க எடம் விடு, பூண்டு மூட்டை அகலம் நான் அளந்து தர்றேன்.

யாராவது ஏன் இந்த எடத்துலன்னு கேட்டா மாமன் சொன்னாருன்னு உளறிராத. 'பொதுமக்கள் கோரிக்கை'ன்னு எழுது. கையெழுத்து வேணுமா? கொண்டா, எத்தனை பேருடையது வேணும்?