முகப்புப்பாட்டு உபாசகர்

கதைக்காகப் பாட்டைப் பொறுத்துக்கொள்ளும் மனிதரை எங்கும் காணலாம். பாட்டுக்காகக் கதையைப் பொறுத்துக்கொள்ளும் மனிதரைக் காண வேண்டுமானால், அவிசாவளையில் பஸ் ஏறி, இறப்பர் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து தெரணியகலைக்கு வந்து, கடைவீதியில் ரீலோட் போடும் கொமினிகேஷன் கடையொன்றினுள் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் ஏ.எல். பரீட்சை எழுதியவர், தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் இறங்கி வருபவர், ஜப்பானியக் காதல் நகைச்சுவை அனிமே தொடர்களில் அபார சிரத்தை உடையவர். ஆனால் அந்தச் சிரத்தை முழுவதும் ஒவ்வோர் அங்கத்தின் முகப்பிலுள்ள ஒன்றரை நிமிஷப் பாட்டிலும், முடிவிலுள்ள ஒன்றரை நிமிஷப் பாட்டிலுமே தீர்ந்துவிடுகிறது. இடையிலுள்ள இருபது நிமிஷத்தை, கோயிலுக்குப் போகிறவர் வழியிலுள்ள வளையல் கடைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவைப்பார்.

முகப்பைத் தாண்டிச் செல்வதற்கென்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017இல் திரையில் ஒரு பொத்தானை வைத்ததே, அது இவருடைய அபிப்பிராயத்தில் கலி முற்றியதற்கு அடையாளம். கூட அமர்ந்து பார்க்கும் சிநேகிதனின் விரல் அந்தத் திசையில் அசைந்தாலே போதும்: “கைய எடுடா! பாட்டத் தள்ளிப்புட்டுப் பாக்குறவனுக்கு அரைப்பேருதான்!” என்று, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைக்குரிய கண்டிப்புடன் தீர்ப்பு வழங்கிவிடுவார்.

இவருடைய பாண்டித்தியம் சாமானியமானதன்று. 2019இல் வந்த ‘காகுயா சாமா’ தொடரில், பள்ளிப் பிள்ளைகள் இருவரின் காதலுக்கு முகப்புப்பாட்டுப் பாடிய மசாயுகி சுசுகி 1956இல் பிறந்தவர் என்பதையும், அதே தொடரின் 3ஆம் அங்கத்து முடிவில் மட்டும் சிகா என்னும் பெண் தன்னந்தனியே ஆடிய ஆட்டத்தில் உலகமே கதாநாயகியை மறந்துவிட்டது என்பதையும், ரீலோட் போட வந்த பெரியவர்களை நிறுத்திவைத்துச் சொல்லுவார். 2018ஆம் ஆண்டுத் தக்காகி தொடரில், தக்காகிக்குக் குரல் கொடுத்த ரியே தக்காஹாஷியே முடிவுப்பாட்டுகளையும் பாடினார்; அவை பழைய ஜப்பானியப் பாட்டுகள்; சில வாரங்களுக்கொருமுறை மாறும். அந்த மாற்றங்களை இவர் அமாவாசை பௌர்ணமிபோல் கணக்கு வைத்திருக்கிறார். 1986இல் ‘மெசோன் இக்கொக்கு’ தொடரின் ஒரே ஓர் அங்கத்தில் கில்பர்ட் ஓ’சலிவனின் ஆங்கிலப் பாட்டுகள் முகப்பிலும் முடிவிலும் ஒலித்து, மறுவாரமே மறைந்துபோயின. தாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே நேர்ந்த இந்த நஷ்டத்தைச் சொல்லும்போது இவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பக்திக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. காதல் நகைச்சுவைத் தொடரின் தலைவன், பன்னிரண்டு வாரம் மழையிலும் வெயிலிலும் குடையோடும் குடையில்லாமலும் தலைவியின் பக்கத்தில் நடந்தும், சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமலே வீடு திரும்புகிற பிறவி; முகப்புப்பாட்டிலோ அதே ஆசாமி, செர்ரிப்பூ கொட்டும் தெருவில் கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடுகிறான். வாக்களித்ததை வாக்களித்த நேரத்தில் தருவது பாட்டு ஒன்றுதான். நம் தோட்டங்களில் மாசி மாதம் ஆடும் காமன்கூத்திலும் வரவுப்பாட்டு உண்டு, மங்களம் உண்டு. ஆனால் அங்கே இடையில் சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனைச் சாம்பலாக்குகிறார். ஜப்பானியத் தொடரில் எரிப்பதற்குக்கூட ஒன்றும் நடப்பதில்லை.

உபாசகரின் சொந்த வாழ்க்கையும் இந்த இலக்கணத்துக்கு இம்மியும் பிசகாதது. மேற்பிரிவிலிருந்து இறங்கிவந்து ரீலோட் போடும் ஒரு பெண்ணை முன்னிட்டு, அவள் வளைவில் தோன்றும்போது ஒலிக்கவேண்டிய பாட்டு எது, அவள் ஏறிய பஸ் மறையும்போது ஒலிக்கவேண்டியது எது என்றெல்லாம் நிர்ணயித்து, தம் போனில் வரிசைப்படுத்தியும் வைத்திருக்கிறார். இடைப்பட்ட அங்கத்தில் இவர் பேசும் வசனம் ஒன்றே: “நூறா, இருநூறா?”

இவரைப் பரிபூரணமாகப் புரிந்துகொண்டவர் இவருடைய அப்பாயி ஒருவரே. ‘சித்தி’ தொடர் வந்த காலத்தில், நித்யஸ்ரீ மகாதேவனின் குரல் எழுந்த மாத்திரத்தில் அடுப்பில் கொதிக்கும் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, பாட்டு முடிந்ததும் கதையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுச் சோற்றை வடிக்கப் போனவர் அவர். ஆகவே, மழை பிடித்துப் பால்வெட்டு நின்றுபோன நாட்களில், பாட்டியும் பேரனும் இஸ்தோப்பில் ஒரே போனின் முன் அமர்ந்து, மொழி தெரியாத பாட்டுக்குத் தலையசைப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு சீசன் முடிந்த அன்று அப்பாயி கேட்டார்:

“ஏன்டா தம்பி, அந்தப் பய இன்னுமா அந்தப் புள்ளைகிட்டச் சொல்லல?”

“அடுத்த சீசன்ல சொல்லுவான், அப்பாயி.”

“அட போடா! அப்ப அந்த மொதப் பாட்டையே இன்னொருக்காப் போடு.”