காய்ச்சல் வந்தால் கஸ்டடி போச்சு

விவாகரத்து வாங்கிய பெற்றோருக்கு ஓர் இலவச ஆலோசனை. பிள்ளை உங்களிடம் இருக்க வேண்டுமென்றால் உங்களுக்கு உடம்புக்கு வரக்கூடாது. டெங்குவோ, கால் முறிவோ, கர்ப்பப்பை ஆபரேஷனோ, பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்தே தீர வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் சிக்கினால், 'பத்து நாள் ஓய்வு தேவை' என்று டாக்டர் எழுதியது, 'குழந்தையைப் பராமரிக்கத் தகுதியற்றவர்' என்று மனுவில் மறுபிறவி எடுக்கும். தூக்கம் வராமல் மாத்திரை சாப்பிடுகிறவரா? மருந்துக் கடை பில்லையும் கிழித்துப் போடுங்கள்.

நம்மூர் கஸ்டடி உத்தரவுகளைப் படித்தால் மெய்சிலிர்க்கும். முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. தீபாவளி உனக்கு, பொங்கல் எனக்கு. பிறந்தநாள் கேக்கை எங்கே வெட்டுவது, வீடியோ கால் எத்தனை மணிக்கு, எல்லாம் இருக்கும். அம்மாவுக்கு டைபாய்டு என்றால் ராத்திரி பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பது மட்டும் இருக்காது.

அப்பா இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறார்? இருக்கிறார். அவருக்கு அளந்து விட்டது இரண்டு மணி நேரம். பன்னிரண்டரைக்கும் பிள்ளை அவர் மடியில் இருந்தால் உத்தரவை மீறியவர் ஆகிவிடுவார். அம்மாவே கூப்பிட்டு விடலாம்; ஆனால் பயம். பத்து நாள் விட்டால் பதினோராம் நாள், 'குழந்தை இங்கேதான் சந்தோஷமாக இருக்கிறது' என்று இடைக்கால மனு வந்து நிற்கும். வீண் பயமா? போடுகிறார்களே! பிள்ளை அப்பாவிடம் இருந்தாலும் இதே கதைதான். விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தால் பிள்ளையைத் திருச்சியிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்புவார், பெற்றவளுக்குப் போன் போட மாட்டார். கடைசியில் பிள்ளை பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்ளும். பள்ளி டைரியில் 'பெற்றோர் கையெழுத்து' என்ற இடத்தில் அந்த வீட்டு ஆன்ட்டி கையெழுத்துப் போடுவார். (பிள்ளையை அடித்து நொறுக்கியவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களிடம் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது.)

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போங்கள். அவசர மனு போடுங்கள். கவுண்ட்டர் போட வாய்தா. அடுத்த வாய்தாவுக்கு வக்கீல்கள் புறக்கணிப்பு. அதற்கடுத்து ஜட்ஜ் லீவு. உத்தரவு வரும்போது காய்ச்சல் போய், முடி கொட்டி, மறுபடி முளைத்திருக்கும்.

சட்டம் இன்னும் அழகு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தகப்பன். அவருக்குப் பிறகுதான் தாய். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பேரில் பத்திரம் வாங்கப் போனபோது ரிசர்வ் வங்கி அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. அவர் போட்ட வழக்கு முடிந்தது 1999இல். தகப்பன் உயிரோடிருந்தாலும், நோயாலோ வேறு காரணத்தாலோ பிள்ளையைக் கவனிக்க முடியாத நிலையில் தாய் காப்பாளராகலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆண்பிள்ளைக்கும் உடம்பு முடியாமல் போகும் என்பதை இந்த நாடு டெல்லி வரை போய்த்தான் தெரிந்துகொண்டது! பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் இருவரின் கூட்டுப் பொறுப்புக்குச் சட்டத்தில் இடம் கொடுங்கள் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. அறிக்கை அலமாரியில் நலமாக இருக்கிறது. அதற்குக் காய்ச்சல் வருவதில்லை.

வக்கீல் ஐயா, வக்கீல் அம்மா, நாடாளுமன்றம் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த சமரச ஒப்பந்தத்தில் தீபாவளிக்குக் கீழே இதையும் சேருங்கள்: ஒருவர் படுத்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார், எழுந்ததும் பிள்ளை திரும்பி வரும், அந்த நாட்களை யாரும் வழக்கில் ஆதாரமாகக் காட்டக் கூடாது. டைப் அடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அதற்கு ஃபீஸ் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.