நான்கு சக்கரப் பொருளதிகாரம்

பாதை இல்லாத இடத்தில் போவதற்கென்றே செய்த வண்டிக்கு ஷோரூமில் சொல்லும் விலையின் பெயர் ஆன் ரோடு விலை. இந்த முரணுக்கு இன்னும் யாரும் உரை எழுதியதாகத் தெரியவில்லை. இலக்கணம் படித்தவர்களிடம் இவ்வகை வண்டி இல்லை. வண்டி வைத்திருப்பவர்கள் இலக்கணத்தைத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டிலும் அரைகுறை என்ற தகுதியில் நான் துணிகிறேன். என்னிடம் இருப்பது பதினோரு வயதுச் சின்னக் கார். ஆராய்ச்சிக்குக் கிடைத்த வண்டி என் தங்கை வீட்டு மாப்பிள்ளையுடையது. வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிற்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்பது இந்நூலுக்குப் புறம்பு.

பெயரிலிருந்து தொடங்குவது மரபு. ஜீப் என்ற சொல் எப்படி வந்தது என்பதில் அமெரிக்கர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ராணுவத்தார் எழுதிய ஜி, பி என்ற இரண்டு எழுத்துகள் மருவியது என்பது ஒரு கட்சி. பாப்பாய் படக்கதையில் 1936இல் வந்த விந்தைப் பிராணியின் பெயர் என்பது மறு கட்சி. தமிழில் இந்தச் சிக்கல் எழவில்லை. ஜீப் வருகிறது என்றால் தாசில்தார் வருகிறார் என்று பொருள். ஜீப் நின்றுவிட்டது என்றால் யாருடைய திண்ணையோ இடிபடப் போகிறது என்று பொருள்.

1940இல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வேண்டும் என்றது. பாண்டம் என்ற சிறு கம்பெனி கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்தது. அவர் இரண்டே நாளில் வரைந்து கொடுத்தார். செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி ராணுவத்தின் வாசலில் நின்றது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் செய்து தள்ளின. இந்தியாவில் 1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டதால், அடுத்த ஆண்டே அது மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. இவ்வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். இவ்வண்டியை முதலில் வாங்கிய தரப்பு மாதத் தவணை கட்டவில்லை. அவர்களுக்கு ஹிட்லரோடு மட்டுமே பிரச்சினை.

இனி இலக்கணம். எஸ்யூவி எது என்பதற்கு வரிச் சட்டம் முன்பு வைத்திருந்த வரையறையில், 'மக்களிடையே அப்பெயரால் அறியப்படுவது' என்பதும் ஒரு நிபந்தனையாக இருந்தது. உலக வழக்குக்கு இத்தனை மரியாதை கொடுத்த வரிச் சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2023 ஜூலையில் கூடிய 50ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் அதைக் கைவிட்டது. எப்பெயர் பெற்றாலும் சரி, நீளம் 4,000 மி.மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், தரைக்கும் வண்டிக்கும் நடுவே 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் வரி என்றது. அந்த 170ஐ ஆளும் சுமையும் ஏறாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் விளக்கியது. மாமியார் ஏறியபின் வண்டி தாழ்ந்துவிட்டது என்று வரிவிலக்குக் கேட்கும் வழி அன்றோடு அடைபட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் கணக்கு இன்னும் கூர்மையானது. நான்கு மீட்டருக்கு மேற்படாமல், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். மீறினால் 40. இதை மஹிந்திரா தார் என்னும் வண்டியில் பொருத்திப் பார்ப்போம். மூன்று கதவுத் தாரின் நீளம் 3,985 மி.மீ. நான்கு மீட்டருக்குக் குறையும் அந்தப் பதினைந்து மி.மீ. அழகுணர்ச்சியில் பிறந்ததன்று. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டீசல் தாரில் 1.5 லிட்டர் எஞ்சின். அது 18 சதவீத வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் தாரில் 2.2 லிட்டர்; அது 40. அதாவது காடுமலை ஏறும் வண்டிபோல் தோன்றுவதற்கு 18, உண்மையிலேயே ஏறுவதற்கு 40. புது வண்டிக்குப் பூஜை போட சென்னைக்காரர்கள் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் போகிறார்கள். அங்கே இரண்டு வகை வண்டிக்கும் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம்தான். முனீஸ்வரர் பார்க்காத வேறுபாட்டைக் கவுன்சில் பார்த்திருக்கிறது.

இப்போது விலை. 2025 அக்டோபர் நிலவரத்தில், ஒரே தரத்து டீசல் தார் பின்சக்கர இழுவையில் ஏறத்தாழ 12.2 லட்சம், ஃபோர் வீலில் ஏறத்தாழ 15.5 லட்சம். வித்தியாசம் 3.3 லட்சம். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 15 சதவீதம் என்பதால் அதில் இன்னொரு 50,000. மூன்றாண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு 1,500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596. ஆக இன்னொரு 13,956. மொத்தம் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பின் கண்ணாடியில் ஒட்டும் மலைச்சிகரப் படத்தையும் சேர்த்து நான்கு லட்சம் என்று முடித்துக்கொள்வோம். பெரிய எஞ்சினும் இதில் அடக்கம்தானே என்பீர்கள். அடக்கம்தான், ஆனால் அதைப் பிரித்துத் தர மறுக்கிறார்கள். ஏழாண்டுக் கடன், 9 சதவீத வட்டி என்றால் இந்த நான்கு லட்சத்துக்கு மட்டும் மாதம் 6,435 ரூபாய். தவணை முடியும்போது 5.4 லட்சம்.

இந்தத் தொகைக்குக் கையில் கிடைப்பது கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தடி. மாப்பிள்ளை தன் வண்டியின் தடியை இரண்டாண்டில் மூன்று தடவை தொட்டிருக்கிறார். முதல் தடவை டெலிவரி நாளில், ஷோரூம் பையன் செய்துகாட்டச் சொன்னபோது. இரண்டாவது, அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். தோப்புக்காரரின் மொபெட் அதே வழியில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றாவது, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காரை விட்டபோது. கயிறு கட்டி இழுத்தார். வண்டிக்குக் குறையில்லை, கயிறு அறுந்தது. பிறகு ஒரு டிராக்டர் வந்தது. கூலி ஐந்நூறு ரூபாயும் ஒரு டீயும். இதே விகிதத்தில் போனால் ஏழாண்டில் பத்துத் தடவை. மேற்சொன்ன தார் விலையில் கணக்கிட்டால் தடவைக்கு 54,000 ரூபாய். டீ தனி.

தினமும் போட்டுப் பழகினால் சராசரி குறையுமே என்று நான் யோசனை சொன்னேன். முடியாது என்றார். வண்டியோடு வந்த புத்தகத்தைக் காட்டினார். இவ்வகை ஃபோர் வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரிய வட்டம் போட்டாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் பல்சக்கரங்களில் ஏறி, ஸ்டியரிங் கனத்து, டயர் தேய்ந்து, கடைசியில் ஏதோ ஒன்று உடையும். ஆகவே ரோட்டில் போடக்கூடாது என்கிறது புத்தகம். ரோட்டை விட்டு இறங்கினால் காடு; அங்கே 1882ஆம் ஆண்டு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமும் நிற்கின்றன. ரோட்டில் புத்தகம் தடுக்கிறது, காட்டில் ரேஞ்சர் தடுக்கிறார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் எது?

இங்கேதான் திணைக் கோட்பாடு உதவுகிறது. முல்லையின் கதையைச் சொல்லிவிட்டேன். நெய்தலில் மணலை மிதிக்குமுன் போலீஸ் விசில் கேட்கும்; கேட்காவிட்டாலும் உப்பு அடிச்சட்டத்தைத் தின்னும். மருதத்தில், தொளி அடித்த தஞ்சாவூர் வயலில், இவ்வண்டி அச்சு வரை புதையும். அங்கே ஓடுவது கேஜ் வீல் மாட்டிய டிராக்டர். தார் செய்கிற கம்பெனிதான் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் டிராக்டரும் செய்கிறது. எந்த நிலத்துக்கு எந்த ஊர்தி என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

ஏரியில் மனை வாங்கிய காரணத்தால் வேளச்சேரியும் மருதத்தில் சேரும். இவ்வண்டிகளின் விளம்பரத்தில் தவறாமல் இருப்பது எவ்வளவு ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்ற எண். தாருக்கு 650 மி.மீ., அதாவது தொடையளவு. எனவே அடைமழை எச்சரிக்கை வந்ததும் மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போவார். வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போவார். 2024 அக்டோபரில் பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்றதைப் படமெடுத்துப் போட்டார்களே, அந்த வரிசையில் முன்னால் இவர் வண்டி. தொடையளவுத் தண்ணீரைக் கடக்கும் வண்டியைத் தண்ணீரே வராத இடத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் சாதாரணக் காப்பீட்டில் பணம் வராது, அதற்குத் தனியாக எஞ்சின் புரொடெக்ட் கட்ட வேண்டும், தான் கட்டவில்லை என்றார். அன்று நாங்கள் என் சின்னக் காரிலும் போகவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தோம்.

மீந்திருப்பது பாலை. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்பது நம் மரபு. தார் என்பது பாலைவனத்தின் பெயராக இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நல்ல தெருவைக் குடிநீருக்காக ஒருமுறை, கேபிளுக்காக ஒருமுறை, மெட்ரோவுக்காக ஒருமுறை தோண்டி மூடாமல் விட்டால் அது இயல்பு கெட்டுப் பாலையாகிறது. புத்தகமும் ரேஞ்சரும் தடுக்காத நிலம் இது ஒன்றே. வண்டி இங்கே சிறப்பாகவே ஓடுகிறது. முன்னாலும் பின்னாலும் ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

ஆகவே நூற்பா: செல்லும் என்பதற்கே விலை, சென்றதற்கு டீசல்.

'செல்லும்' என்பது எதிர்கால வினை. இவ்வண்டியைப் பற்றி உடையவர் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் இக்காலத்திலேயே அமைவதைக் கவனிக்க. லடாக் செல்லும், ஸ்பிட்டி செல்லும். இறந்தகாலத்தில் திருப்பதி வரை சென்றிருக்கிறது. இன்னொரு பொருளும் உண்டு. ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லும் என்கிறோமே, அந்தச் செல்லும். கல்யாண மண்டப வாசலில் இவ்வண்டி வந்து நின்றால் வாட்ச்மேன் உள்ளே விடுகிறார். என் காரைத் தெருக்கோடியில் விடச் சொல்கிறார். ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு 2024 அக்டோபர் 3ஆம் தேதி புக்கிங் திறந்த முதல் மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிவு செய்தார்கள். ஒரே காலைப் பொழுதில் இத்தனை பேருக்கு மலையேறும் அவசரம் வந்திருக்க முடியாது. மண்டபத்துக்குப் போகும் அவசரம் எல்லோருக்கும் எப்போதும் உண்டு.

தடை ஒன்று: ரீசேல் நன்றாக இருக்கும். விடை: காப்பீட்டு அட்டவணை ஐந்தாம் ஆண்டில் எந்தக் காரையும் பாதி விலைக்குத்தான் மதிக்கிறது. சந்தையில் அதைவிட நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மை. விற்றால் கிடைக்கும். மாப்பிள்ளை விற்கமாட்டார்.

தடை இரண்டு கனமானது, மாப்பிள்ளையே சொன்னது. "உங்க தங்கச்சி ஆரம் லாக்கர்லதான் இருக்கு. வருஷத்துல ரெண்டு நாள் எடுத்துப் போடறா. அதுக்கு யாராவது தடவைக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடறீங்களா மச்சான்?" நான் பேனாவை மூடிவிட்டேன். பதில் அடுக்களையிலிருந்து வந்தது. "அண்ணே, ஆரம் வாங்கின விலைக்கு மேல ஏறியிருக்கான்னு அவர்கிட்ட கேளு. இதுல ஏறணும்னா அம்மாவுக்கு ஸ்டூல் வேணும்." விளக்கம் தேவை. இவ்வண்டிகளின் பெருமைகளில் ஒன்று ஏறுகோணம். முன்பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறலாம் என்ற அளவு. தாருக்கு 41 டிகிரிக்கு மேல். எட்டடிக்கு ஓரடி உயரும் அடித்தளச் சரிவு ஏழு டிகிரிதான். ஆனால் மூன்று கதவு வண்டியில் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழைய எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி புடவையோடு ஏற வேண்டிய கோணத்தை எந்த விளம்பரத்திலும் காணோம். நீலக்கலர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று டிக்கியில் நிரந்தரமாக இருக்கிறது. கூடுதல் செலவு 250 ரூபாய். இதுவரை அதிகம் உழைத்த உதிரிபாகமும் அதுவே.

குறிஞ்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சென்ற வெயில் காலத்தில் எல்லோருமாகக் கொழுக்குமலைக்குப் போனோம். தேயிலைத் தோட்டம் இருப்பது நம் தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் அடி உயரம், பாதையெல்லாம் உருட்டுக் கல். வண்டி பிறந்த பயனை அடையப்போகிறது என்று மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சூரியநெல்லியில் நிறுத்திவிட்டார்கள். சொந்த வண்டியை மேலே விடுவதில்லை, உள்ளூர் ஜீப்பில்தான் ஏற வேண்டும். விடிகாலை நாலரை மணிக்கு மாப்பிள்ளை தன் வண்டியைப் பார்க்கிங்கில் விட்டுப் பூட்டினார். பூட்டியதை இரண்டு தடவை சரிபார்த்தார். வந்த ஜீப்புக்கு என் காரைவிட இரண்டு மடங்கு வயதிருக்கும். ஓட்டுநர் லுங்கி, ரப்பர் செருப்பு. அம்மா ஸ்டூல் இல்லாமலே ஏறிவிட்டாள்.

பாதி மலையில், ஒரு பாறைமேல் வண்டி ஏறி இறங்கியபின், மாப்பிள்ளை பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "அண்ணே, இப்ப ஃபோர் வீல்லதான போறோம்?"

"இல்ல சார். முன் ஷாஃப்ட்ட கழட்டி வெச்சிருக்கேன். சும்மா சுத்திக்கிட்டு டீசல் குடிக்குது. மழை புடிச்சா மாட்டிக்குவேன்."

மாப்பிள்ளை அடுத்த இரண்டு திருப்பம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கழட்டினத எங்க வெச்சிருக்கீங்க?"

"வீட்லதான் சார், கட்டிலுக்கு அடியில."